குளிர்காலத்து மாடுகளின் கணக்கு

'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. பிறர் பொருளை அள்ளும் கைக்கு அளவு தெரியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது. 1968ஆம் ஆண்டில் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயன்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை ஒன்று ஏறத்தாழ இதே கருத்தைப் பொது நிலங்களின்மேல் ஏற்றிச் சொன்னது. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் ஒன்று இருக்கிறது. இன்னும் ஒரு மாட்டை அதில் ஓட்டிவிட்டால் வரும் ஆதாயம் முழுவதும் ஓட்டியவனுக்கு. புல் குறைவதால் வரும் நட்டமோ எல்லோர் தலையிலும் பங்காகிவிடும். ஆகவே ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று ஓட்டிக்கொண்டே போவான். புல் அழியும், மாடும் அழியும். இதிலிருந்து தப்ப நிலத்தைத் தனியார்க்குக் கூறுபோட வேண்டும். அல்லது அரசாங்கம் கோலெடுத்துக் காவல் காக்க வேண்டும். பொருளியலாளர்களும் திட்டமிடுவோரும் இக்கட்டுரையை வேதவாக்காகக் கொண்டனர்.

அக்கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், நைஜீரியாவின் மலைக்குடியினரான கோஃபியார் மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்திருந்த ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றிற்குச் சென்று தங்கினார். ஊரின் பெயர் டோர்பெல். (முதல் எழுத்தின் உயிரொலி ஒகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது, நம் எழுத்தின் பிடிக்கு அது அகப்படாது.) அங்கே ஒரு பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. ஹார்டினின் கணக்குப்படி அது நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பாழாகியிருக்க வேண்டும். பாழாகவில்லை. அதன் காரணத்தை நெட்டிங் தேடிக் கண்டதும், அவருடைய கட்டுரைகளை எலினார் ஆஸ்ட்ரம் என்ற அரசியலறிஞர் எடுத்துக்கொண்டு 1990இல் தம் நூலில் விரித்ததும், 2009இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியாக அவர் ஆனதும் பலர் அறிந்த செய்திகள். அறிஞர்களின் கதை இவ்வளவு போதும். நாம் இங்கே பேச விரும்புவது ஊரைப் பற்றி.

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பது தொல்காப்பிய இலக்கணம். டோர்பெல்லைப் புரிந்துகொள்ள அவ்விரண்டிலிருந்தே தொடங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் வாலே என்ற மாநிலம் இருக்கிறது. ரோன் ஆறு அதன் நடுவே ஓடுகிறது. மேற்குப் பகுதியினர் பிரெஞ்சு பேசுவர். கிழக்கிலுள்ள மேல் வாலேயினர் ஜெர்மன் பேசுவர். அதுவும் பெர்லின்காரர் காதில் விழுந்தால் விழிக்கும்படியான ஜெர்மன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சொல்லீறுகளும் உயிரொலிகளும் அப்பேச்சில் இன்னும் தங்கியிருப்பதாக மொழிநூலார் கூறுவர். ரோன் ஆற்றங்கரையில் 650 மீட்டர் உயரத்தில் விஸ்ப் என்ற சிறு நகரம். அதிலிருந்து தெற்கே பிரியும் பள்ளத்தாக்கின் சரிவில், 1,500 மீட்டர் உயரத்தில், கதிரவனை நோக்கி முகம் காட்டி அமர்ந்திருக்கிறது டோர்பெல். அதற்கு மேலே காடு, காட்டுக்கும் மேலே 2,000 மீட்டரைக் கடந்து கோடைப் புல்வெளி. மக்கள்தொகை இன்று ஐந்நூறு பேர் அளவில். நெட்டிங் கண்ட காலத்தில் அறுநூறு பேர் அளவில்.

ஆல்ப்ஸ் என்றதும் நம் கண்முன் விரிவது திரைப்படப் பாடல்களில் வரும் ஈரப் பசுமைதான். இந்தப் பள்ளத்தாக்கோ சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட பகுதி. வடக்கேயும் தெற்கேயும் நிற்கும் நாலாயிரம் மீட்டர் மலைகள் மழை மேகங்களை இருபுறமும் மறித்துக்கொள்கின்றன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 600 மில்லிமீட்டரை எட்டாத இடங்கள் இங்குண்டு. தலைக்கு மேலே பனிமலை நிற்கக் காலடியில் நிலம் வெடிக்கும். எனவே மேல் வாலேயின் உழவு தண்ணீர்க் கணக்கில் தொடங்குகிறது. உயரத்தில் உருகிவரும் நீரைக் கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்தார்கள். 'சுவோனன்' என்பது அவற்றின் பெயர். பாறை செங்குத்தாக மறித்த இடங்களில் மரத்தைக் குடைந்து தொட்டியாக்கிப் பாறை முகத்தில் தொங்கவிட்டார்கள். அத்தகைய வாய்க்காலைப் பழுது பார்க்கப் போய் மீளாதவர்களும் உண்டு.

நீரைப் பங்கிட்ட முறை நமக்கு அந்நியமானதன்று. முறைநீர்தான். இன்ன நிலத்துக்கு இன்ன நாள், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை என்று சுற்று வகுத்து, அந்தச் சுற்று வேனில் முழுதும் சுழன்றுகொண்டிருக்கும். மேல் வாலேயில் இவ்வுரிமைகளை எழுத்தறியாதவரும் படிக்கும்படி மரக்கட்டைகளில் வெட்டி வைத்தனர். 'டெஸ்லன்' எனப்பட்ட அக்கட்டைகளின் ஒருபுறம் குடும்பத்தின் அடையாளக் குறி இருக்கும். மறுபுறம் எத்தனை மணி நேரத்து நீர் என்பதைக் காட்டும் வெட்டுகள் இருக்கும். பாசனம் பற்றி 1974இல் எழுதிய கட்டுரைக்கு நெட்டிங் 'எவரும் அறியாத அமைப்பு' என்ற பொருள்படத் தலைப்பிட்டார். காரணம் சுவையானது. ஊரில் ஒவ்வொருவருக்கும் தம் முறை தெரியும். தமக்கு முன்னவர் யார், பின்னவர் யார் என்பதும் தெரியும். மொத்தச் சுற்றும் அறிந்தவர் என்று ஒருவரும் இல்லை. அப்படியொருவர் தேவைப்படவும் இல்லை. முன்னவர் நேரம் கடந்தும் மடையைத் திறந்து வைத்திருந்தால் பின்னவர் வந்து நிற்பார். அவரைவிட நல்ல காவலர் எங்கே கிடைப்பார்? இப்படிப்பட்ட மலை வாய்க்கால்களையும் உள்ளடக்கிய மரபுப் பாசனத்தை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கேட்ட விண்ணப்பம் அது.

வாய்க்கால் நீர் பாய்ந்தது முதன்மையாகப் புல்லுக்கு. நாம் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நெல்லுக்கு இறைத்த நீர் வழியோடிப் புல்லுக்குப் போவது நாம் அறிந்த வழக்கு; புல்லுக்கே வாய்க்கால் வெட்டியது அம்மலை வழக்கு. காரணம் குளிர்காலம். ஆண்டில் பாதிக்கு மேல் மாடு தொழுவத்தில் கட்டிக் கிடக்கும். அந்நாட்களுக்கான தீனியைக் கோடையில் அறுத்து, உலர்த்தி, முதுகில் சுமந்து வந்து பரணில் அடைத்துவிட வேண்டும். மனிதர் உண்ண ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம், காய்கறித் தோட்டம், கீழே பள்ளத்தாக்கில் துண்டு துண்டான திராட்சைக் கொல்லை. ரை மாவு ரொட்டியை ஆண்டுக்குச் சில முறை மட்டும் ஊர்ப் பொது அடுப்பில் சுட்டு அடுக்கிவைப்பது அப்பகுதியின் வழக்கம். மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியை வெட்டக் கீல் வைத்த தனிக் கத்தி உண்டு. பல்லுக்குக் கத்தி கிடையாது. பாலில் நனைத்துத்தான் உண்டாக வேண்டும்.

ஆக, ஒரு குடும்பத்தின் உடைமை மலையின் நெடுக்கில் சிதறிக் கிடந்தது. கீழே கொடி, அதற்கு மேல் ஊரும் தானிய வயலும், அதற்கு மேல் புல்வெளி, இடைநிலை மேய்ச்சல், உச்சியில் கோடை மேய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். குடும்பமும் அந்த ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரே இடத்தில் பத்து ஏக்கர் வைத்திருப்பவன் செல்வன் என்ற கணக்கு அங்கே செல்லாது. பத்து உயரங்களில் பத்துத் துண்டு வைத்திருப்பவனே பிழைப்பான். ஓரிடத்தில் உறைபனி விழுந்தால் இன்னோரிடம் காக்கும்.

இவ்வூரின் நிலப் பரிமாற்றங்கள் பற்றிய எழுத்தாவணங்கள் 1224ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. தானிய வயல், தோட்டம், புல்வெளி, கொடிக்கொல்லை ஆகியவை தனியாருடையவை. கோடை மேய்ச்சல், காடு, தரிசு, வாய்க்கால், பாதை ஆகிய ஐந்தும் ஊர்ப் பொது. பொதுவுடைமை, தனியுடைமை என்று இரண்டு கட்சிகளாக நின்று நாம் பேசிப் பழகியிருக்கிறோம். டோர்பெல்காரர்கள் இரண்டையும் அருகருகே வைத்து எழுநூறு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். எதைக் கூறுபோட்டால் பயன், எதைக் கூறுபோட்டால் கேடு என்பதை நிலத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். சிறு துண்டிலும் கடுமையாக உழைத்தால் கூடுதலாக விளைவது தனியாருக்கு. பரந்து கிடந்து, விளைச்சல் மெலிந்து, ஆண்டுக்கு ஆண்டு மாறுவது பொதுவுக்கு. உச்சிப் புல்வெளியைப் பங்குபோட்டு வேலியடைக்கும் செலவுக்கு அந்தப் புல் தாங்காது.

1483 பிப்ரவரி முதல் நாள் ஊரார் கூடி ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். கோடை மேய்ச்சல், காடு, தரிசு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் சங்கம் ஒன்று அதன்வழி நிறுவப்பட்டது. அதிலுள்ள முக்கிய விதி அந்நியரைப் பற்றியது. வெளியார் ஒருவர் டோர்பெல்லில் நிலம் வாங்கலாம். வாங்கிவிட்டார் என்பதனாலேயே மேய்ச்சலிலோ காட்டிலோ அவருக்குப் பங்கு கிடைத்துவிடாது. நிலவுரிமை வேறு, ஊருரிமை வேறு. பணம் முன்னதைத் தரும், பின்னதைத் தராது. ஏற்கெனவே ஊருரிமை உள்ளவர்கள் மனமுவந்து சேர்த்துக்கொண்டால்தான் உண்டு.

அடுத்து 1517ஆம் ஆண்டின் விதி. ஒருவர் தம் தொழுவத்தில் குளிர்காலம் முழுதும் தீனி போட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகள் எத்தனையோ அத்தனைக்கு மேல் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது. மீறினால் கடும் தண்டம். ஹார்டின் கேட்ட கேள்விக்கான விடை இவ்வளவே. அவர் பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இவ்விதியின் நுட்பம் மேலோட்டமாகப் படிப்பவர்க்குப் புலப்படாது. வசந்தத்தில் நாலைந்து மாடுகளை மலிவாக வாங்கி, பொது மலையில் செலவின்றி மேயவிட்டு, இலையுதிர் காலத்தில் கொழுத்த மாடுகளாக விற்றுவிட்டால் நல்ல வணிகம். அந்த வணிகத்தின் வாசலை இவ்விதி அடைக்கிறது. அடைப்பதற்கு அது புதிதாக ஒன்றையும் அளக்கவில்லை என்பதுதான் வியப்பு. உச்சியில் எவ்வளவு புல் இருக்கிறது, எத்தனை மாடு தாங்கும் என்று நிலவியல் அறிஞரை வைத்து அளந்திருந்தால் ஆண்டுதோறும் வழக்கு வந்திருக்கும். தொழுவத்தில் எத்தனை மாடு நின்றது என்பதோ அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும். பனிக்காலத்தில் மாடு மறைக்கக்கூடிய பொருளன்று. ஒருவரின் தொழுவத்து மாடுகளை அவருடைய புல்வெளி கட்டுப்படுத்துகிறது. புல்வெளியை வாய்க்கால் நீர் கட்டுப்படுத்துகிறது. வாய்க்கால் நீரை முறை கட்டுப்படுத்துகிறது. கீழ்நிலத்தின் வரம்பே மேல்நிலத்துக்கும் வரம்பாகிவிட்டது.

மாடுகள் மலையேறியவுடன் எண்ணப்படும். அந்த எண்ணிக்கைப்படியே ஆண்டு முடிவில் பாலாடைக்கட்டிப் பங்கு. எல்லா மாடுகளையும் சம்பளத்துக்கு அமர்த்திய சில மேய்ப்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாலைக் கறந்து மேலேயே பாலாடைக்கட்டி ஆக்குவார்கள். பாதை செப்பனிடுவது, பனிச்சரிவு தள்ளிய குடிசைகளையும் பட்டிகளையும் மீண்டும் எடுத்துக் கட்டுவது, எருவைப் பரப்புவது போன்ற வேலைகளுக்கு அவரவர் மாட்டுக் கணக்கின்படி ஆள் அனுப்ப வேண்டும். தண்டம் வசூலிக்க ஊர் ஓர் அலுவலரை அமர்த்தியது. வசூலாகும் தண்டத்தில் பாதி அவருக்கே. அறவுணர்ச்சியை மட்டும் நம்பாமல் அலுவலரின் மடியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை நாம் மிகவும் ரசித்தோம். காட்டிலும் அப்படித்தான். வெட்டத் தகுந்த மரங்களை ஊர் அலுவலர்கள் குறியிடுவார்கள். வீடுகள் குழுக்களாகப் பிரிந்து, எக்குழுவுக்கு எம்மரங்கள் என்று சீட்டுப் போட்டுக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்லும்போது கிராம சுயராஜ்யக் கனவொன்று விரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1517இன் விதி சமத்துவ விதியன்று. புல்வெளி அதிகம் உள்ளவருக்கு மாடு அதிகம். மாடு அதிகம் உள்ளவருக்குப் பொது மலையிலும் பங்கு அதிகம். புல்வெளி இல்லாதவருக்கு ஊருரிமை இருந்தும் உச்சியில் ஒன்றும் இல்லை. ஏற்றத்தாழ்வைச் சற்றே தளர்த்தியது சொத்துரிமை முறை. முறைப்படி பிறந்த பிள்ளைகள் ஆண், பெண் அனைவர்க்கும் சம பங்கு. இதன் விளைவாக நிலம் மட்டுமன்று, வீடும் தொழுவமும் குதிரும்கூடத் துண்டாயின. வெயிலில் கருத்த லார்ச் மர வீடுகள். ஒரு மாடி ஒரு சகோதரருக்கு, மேல் மாடி இன்னொரு குடும்பத்துக்கு, நிலவறையில் மூன்றாமவருக்குக் காற்பங்கு. தானியக் குதிர்கள் மரக்கால்களின்மேல் நிற்கும். காலுக்கும் குதிருக்கும் இடையே எலி ஏறாதிருக்க வட்டக் கற்பலகை இருக்கும். அந்தக் குதிருக்குள்ளும் பாகப்பிரிவினை உண்டு. நம் ஊர்ப் பங்காளிகள் இதைக் கேட்டால் எத்தனை வழக்கு விழும் என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

சம பங்கு நீடித்தால் சில தலைமுறைகளில் ஒருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அப்படியிருந்தும் ஊர் எப்படித் தாங்கியது? இந்த இடத்தில்தான் நெட்டிங்கின் ஆய்வு நம்மைக் கலங்கச் செய்கிறது. 1981இல் வெளிவந்த நூலுக்காகத் தேவாலயத்தின் திருமுழுக்கு, மணம், இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு அவர் முந்நூறு ஆண்டுக் குடும்ப வரலாறுகளை அடுக்கிப் பார்த்தார். மக்கள் மிகத் தாமதமாக மணந்தனர். மணமே செய்யாமல் தம் உடன்பிறந்தார் வீட்டில் உழைத்து முடிந்தவர் பலர். பிள்ளைகளுக்கு இடையேயான இடைவெளி நீண்டது. மற்றவர் ஊரைவிட்டே போயினர். அதாவது மலையின் புல் அழியாமல் இருந்ததற்கு விலையாகச் சிலர் தொட்டில் கட்டாமலே வாழ்ந்தார்கள். மாடுகளின் எண்ணிக்கைக்கு எழுதிய விதி இருந்தது. மனிதரின் எண்ணிக்கைக்கு எழுதாத விதி இருந்தது. 'பொதுநிலம் காத்த ஊர்' என்று டோர்பெல்லைப் பாராட்டும் கட்டுரைகளில் பல இந்த இரண்டாம் விதியைப் பேசுவதில்லை. அது ஏனென்று நமக்கு விளங்கவில்லை. முதல் விதி நின்றதே இரண்டாவதன் தோளில் அல்லவா?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் உருளைக்கிழங்கு இந்தச் சமநிலையை அசைத்தது. ரை விளைந்த அதே துண்டு நிலம் கிழங்கு போட்டால் கூடுதல் வயிறுகளை நிரப்பியது. மக்கள் பெருகினர், நெருக்கடியும் பெருகியது. 1850களில் மேல் வாலேக் குடும்பங்கள் கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போயின. சான்டா ஃபே மாநிலத்தில் 1858இல் அவர்கள் அமைத்த சான் ஹெரோனிமோ நோர்டே என்ற ஊர் இன்றும் தன் மேல் வாலே வேரைக் கொண்டாடுகிறது. மலைச்சரிவில் ஒரு சாண் நிலத்துக்குப் பாகப்பிரிவினை எழுதியவர்களின் பேரர்கள் கண்ணெட்டும் தொலைவுவரை ஒரே மட்டமான சமவெளியில் மாடு மேய்த்தார்கள்.

சுவிஸ் நாட்டவரின் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் எழுதப்படுவதில்லை. பூர்வீக ஊர் எழுதப்படுகிறது. பாட்டனுக்கும் பாட்டன் எந்த ஊராட்சியின் குடியோ அந்த ஊரின் பெயர். அந்த ஊரைக் கண்ணால் காணாதவர்கள் நாட்டில் ஏராளம். முற்காலத்தில் இதற்குக் கனமான பொருள் இருந்தது. ஒருவர் வறுமையில் வீழ்ந்தால் அவரைக் காக்கும் கடமை அவர் வாழும் ஊருக்கன்று, பூர்வீக ஊருக்கே. எனவே ஊர்க்குடியுரிமை வழங்குவதில் ஊர்கள் கஞ்சத்தனம் காட்டின. புதிதாக ஒருவரைச் சேர்ப்பது என்றால் மலையில் ஒரு பங்கைக் கொடுப்பது மட்டுமன்று. அவருடைய பேரப்பிள்ளைகளின் பசிக்கும் பிணையாவது. வாலேயில் இன்றும் குடியிருப்போர் அனைவர்க்குமான ஊராட்சி ஒன்றும், பூர்வீகக் குடிகளுக்கான 'புர்கர்கெமைண்டே' என்ற அமைப்பு ஒன்றும் ஒரே ஊரில் தனித்தனியே இருக்கின்றன. பள்ளியும் சாலையும் முன்னதன் பொறுப்பு. காடும் மேய்ச்சலும் பெரும்பாலும் பின்னதன் உடைமை.

இந்தக் குடிகள் கூடி வாக்களித்தே எல்லாம் முடிவாயின என்று படிக்கிறோம். யார் அந்தக் குடிகள்? மணமானால் பெண் கணவனின் ஊர்க்குடியுரிமையைப் பெறுவாள் என்பது பழைய சட்டம். சொத்தில் சம பங்கு பெற்ற பெண், அரிவாளோடு சரிவில் நின்று புல் அறுத்த பெண், வாக்குப்பெட்டிக்கு அருகில் வர 1970 வரை வாலே மாநிலம் ஒப்பவில்லை. நாடு ஒப்பியது 1971 பிப்ரவரி 7இல். டோர்பெல்லுக்கு மேலுள்ள மோசால்ப் என்ற கணவாயைத் தாண்டிச் சென்றால் அப்பால் அதே போன்ற மலையூர்கள். அவற்றுள் ஒன்று உன்டர்பேஹ். 1957 மார்ச் 3 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணியில் கட்டாயமாகச் சேர்ப்பதா என்பது கேள்வி. பெண்களைப் பற்றிய கேள்விக்குப் பெண்கள் விடை சொல்ல முடியாது என்ற நிலை அவ்வூர் மன்றத்துக்கு முறையாகப் படவில்லை. மேலிடத்தின் எதிர்ப்பை மீறி ஊர்ப் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஊர்த்தலைவரின் மனைவியான காத்தரினா சென்ஹாய்சர்ன் முதல் வாக்கைப் போட்டார். அவரோடு சேர்த்து 33 பெண்கள் வாக்களித்தனர். அவ்வாக்குகள் தனிப்பெட்டியில் இடப்பட்டன, எண்ணிக்கையில் சேரவில்லை. ஆயினும் மரபில் ஊறியதென்றும் கத்தோலிக்கக் கட்டுப்பாடு மிக்கதென்றும் நகரத்தார் எள்ளிய ஒரு மலைப் பகுதியிலிருந்து அது நடந்தது. தன் எல்லைக்குள் தானே முடிவெடுத்துப் பழகிய ஊருக்கு அந்தப் பழக்கமே துணிவையும் கொடுத்தது என்று நாம் எண்ணுகிறோம். ஒரே பழக்கம் 1483இல் கதவை மூடியது. 1957இல் ஒரு கதவைத் திறந்தது.

டோர்பெல்லின் வாழ்க்கையை மாற்றியது அரசியல் அன்று, சம்பளம். 1890இல் விஸ்ப்பிலிருந்து பள்ளத்தாக்கினுள் ஸ்டால்டன்வரை ரயில் வந்தது; மறு ஆண்டு அது செர்மாட்டை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்ப்பில் லோன்சா நிறுவனம் வேதிப்பொருள் தொழிற்சாலை தொடங்கியது. மலைமேல் வீடும் மாடும், கீழே ஆலையில் முறைவேலை என்று ஒரு புதுப் பிறவி தோன்றிற்று. ஜெர்மனில் 'தொழிலாளி உழவர்' என்று ஒரே சொல்லாக வழங்குவர். இரவு முறை முடிந்து ஏறிவந்து புல் அறுத்துவிட்டுத் தூங்கினார்கள். (கொரோனாக் காலத்தில் மாடர்னா தடுப்பூசியின் மருந்துப்பொருள் உருவானது இதே விஸ்ப் ஆலையில்.) சாலையும் அஞ்சல் துறைப் பேருந்தும் ஊருக்கு வந்தபின் ஆலைக்குப் போய்வருவது எளிதாயிற்று. முதலில் ரை வயல்கள் புல்லாயின. பிறகு ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த வீடுகள் அவற்றையும் விற்றன.

இன்று ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலங்களுக்கு வந்திருக்கும் இடர் ஹார்டின் அஞ்சியதற்கு நேர்மாறானது. மாடு மிகுதியால் புல் அழியவில்லை. மாடு குறைவால் புல்வெளியைப் புதர் விழுங்குகிறது, புதரின் பின்னே காடு இறங்கி வருகிறது. கோடையில் மாட்டை மலையேற்றுவோருக்குச் சுவிஸ் அரசு மானியம் கொடுக்கிறது. அளவுக்கு மேல் ஓட்டினால் தண்டம் என்று எழுதிய நாட்டில் ஓட்டினால் பரிசு என்று எழுதும் காலம்! ஹார்டினும் 1994இல் தம் வாதத்தைத் திருத்திக்கொண்டு, தாம் சொன்னது நிர்வாகமற்ற பொதுநிலத்துக்கே பொருந்தும் என்றார். ஊராட்சிகளும் உருமாறுகின்றன. 1850இல் சுவிட்சர்லாந்தில் 3,200க்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. ஒன்றோடொன்று இணைந்து இணைந்து இன்று 2,100 அளவில் நிற்கின்றன. ஐந்நூறு பேருள்ள ஊரில் மன்றத்துக்குப் போட்டியிட ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. குடியாட்சிக்குப் பெருங்கூட்டம் எவ்வளவு இடரோ, கூட்டமின்மையும் அவ்வளவு இடர்.

அந்நியர் நிலம் வாங்குவது பற்றிய பழைய கேள்வி மட்டும் புது உடை அணிந்து வந்தது. நகரத்தாரும் வெளிநாட்டாரும் மலையூர்களில் விடுமுறை வீடுகள் வாங்கினர். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் விளக்கெரியும் வீடுகள் பல ஊர்களில் பாதிக்கும் மேலாயின. 2012 மார்ச் 11 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்பில், எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற திருத்தம் 50.6 விழுக்காட்டு வாக்குகளோடு மயிரிழையில் நிறைவேறியது. மலையைக் காக்க வேண்டுமென்று வாக்களித்தவர்கள் சமவெளி நகரத்தார். வாலே மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூவர் எதிர்த்து வாக்களித்தனர். கட்டுமான வேலையும் நிலத்தின் விலையும் அவர்களுக்கு வாழ்வாதாரம். 1483இல் ஒப்பமிட்டவர்கள் எழுந்து வந்து இதைக் கண்டிருந்தால், தம் பிள்ளைகள் வெளியாருக்கு நிலம் விற்கும் உரிமைக்காக வழக்காடுவதையும் வெளியார் அதைத் தடுப்பதையும் பார்த்துத் தலை சொறிந்திருப்பார்கள்.

ஆயினும் அவர்கள் எழுதிய வேறுபாடு அழியவில்லை. டோர்பெல்லில் விடுமுறை வீடு வாங்குபவருக்கு வீடு சொந்தம், சன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்கின் காட்சி சொந்தம், வரிச்சீட்டும் சொந்தம். ஊரின் பழைய தண்ணீர் ஆலைகளைச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதையும் போய்ப் பார்க்கலாம். மலையில் செய்த பாலாடைக்கட்டியைக் கடையில் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பங்காகக் கேட்டுப் பெற மட்டும் முடியாது.